‘லைவ்’வில் ஏன் அந்த மௌனம்? – வாசகர் கேள்வி பதில்

நிருபராகச் சேர்ந்து, அப்புறம் வந்த செய்திகளைத் திருத்தித் தொகுக்கும் டெஸ்கில் உட்கார்ந்து, கடைசியில் செய்தி ஆசிரியராக ஓய்வு பெற்றவள் நான். டி.வி. செய்தி வேலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்டதும் களத்தில் நிற்கும் நிருபர் இரண்டு நொடி பேசாமல் நிற்கிறாரே, பதில் தெரியாமல் யோசிக்கிறாரா? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

இல்லை. கேள்வி அவர் காதுக்குப் போகவும், அவர் பேசுவது உங்கள் வீட்டுக்கு வந்து சேரவும் நேரம் பிடிக்கிறது. ஓ.பி. வேன், அதாவது களத்திலிருந்தே ஒளிபரப்பும் கருவிகள் உள்ள வண்டி, மூலம் நேரலை என்றால், படமும் குரலும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலே ஒருமுறை ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். படத்தைச் சுருக்கி அனுப்பி, இந்தப் பக்கம் விரித்தெடுக்க ஆகும் நேரம் தனி. முதுகுப் பையில் பல சிம் கார்டுகளைப் போட்டு மொபைல் நெட்வொர்க்கிலேயே லைவ் கொடுப்பதும் உண்டு. அங்கே சிக்னல் மோசமானால் தாமதம் இன்னும் கூடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நிருபரின் காதில் மாட்டியிருக்கும் கருவியில் அவருடைய குரலே தாமதமாகத் திரும்பி வந்தால், எவ்வளவு அனுபவசாலிக்கும் நாக்கு குழறும். அதனால் ஒலிப் பிரிவில் இருப்பவர் அவர் குரலை மட்டும் நீக்கிவிட்டு மற்ற ஒலியை அனுப்புவார். முன்னால் கூட்டம் நெருக்கும், பின்னால் யாரோ கை காட்டுவார்கள், காதில் தயாரிப்பாளர் “முப்பது செகண்டில் முடிங்க” என்பார். இத்தனைக்கும் நடுவே, கேள்வி முழுதாக வரும்வரை காத்திருந்து பேசுகிற நிருபர் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: “எங்கள் சேனல்தான் முதலில் சொன்னது” என்று பெருமை பேசுகிறார்களே, செய்தியில் அது அவ்வளவு முக்கியமா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பார்ப்பவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முந்திக்கொண்ட கணக்கெல்லாம் போட்டி சேனல்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது.

இளம் நிருபர்களிடம் நான் அடிக்கடி சொன்ன பெயர் வால்டர் கிராங்கைட். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தி வழங்கியவர். 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார் என்று தந்திச் செய்தி வந்தபோது, ஸ்டுடியோவில் கேமரா தயாராக இல்லை. அந்தக் காலத்துக் குழாய் கேமராக்கள் சூடாகிப் படம் தர நேரம் எடுக்கும். ஓடிக்கொண்டிருந்த தொடரை நிறுத்தி, அறிவிப்புப் பலகை ஒன்றை மட்டும் திரையில் காட்டி, கிராங்கைட் குரலால் செய்தி சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. டாலஸில் இருந்த சி.பி.எஸ். நிருபர் டான் ராதரிடமிருந்தே அதிபர் இறந்துவிட்டார் என்ற தகவல் வந்தது. தன் சொந்த நிருபர் சொன்னதுதானே என்று கிராங்கைட் அதை மரண அறிவிப்பாக வாசித்துவிடவில்லை. அந்தத் தகவலைச் சொல்லி, அதிகாரபூர்வமாக இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் கூடவே சொன்னார். பிறகு ஒரு தாள் கைக்கு வந்தது. கண்ணாடியை மாட்டி அதைப் படித்தார். அதிபரின் மரணத்தை அறிவித்தார். கண்ணாடியைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 38 நிமிடங்களுக்கு முன்பு என்று நேரத்தையும் சொன்னார். குரல் அடைத்தது. ஒரு கணம் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மேலே பேசினார். நாடே உடைந்து போயிருந்த நேரத்தில்கூட ‘நமக்குத் தெரிந்தது எது, இன்னும் தெரியாதது எது’ என்று பிரித்துச் சொல்ல அவரால் முடிந்தது. அந்த நிதானம்தான் இந்தத் தொழில்.

அதற்காகத் தாமதம் எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. வானொலி மரணச் செய்தியைச் சொல்லிப் பல மணி நேரம் கழித்து, மாலையில்தான் தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் அதை வாசித்தார். வாசித்தவர் மேல் தவறில்லை. அவர் கைக்கு வந்த தாள் அவ்வளவு தாமதமாக வந்தது. சரிபார்க்க எடுக்கும் நேரம் வேறு, அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரம் வேறு. இரண்டாவதில் மக்களின் நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: சாவு நடந்த வீட்டில் மைக்கை நீட்டி “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்க எப்படி மனசு வருகிறது? (வாசகி ஒருவர்)

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை, எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களையும் கேட்க விட்டதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் எப்படி உணர்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். போனவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைக் கேட்டால் பேசுவார்கள். சிலர் நிறுத்தாமல் பேசுவார்கள்.

தீ விபத்தில் மகனை இழந்த ஒரு தந்தையைப் பார்க்கப் போயிருந்தோம். கேமராமேனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை. என் கையிலிருந்த நோட்டை வாங்கி, மகன் பெயரை எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்த்தார். இனிஷியல் மேல் விரலை வைத்து, சரியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அப்புறம் அவராகவே, “கேமரா தம்பியை உள்ளே வரச் சொல்லும்மா” என்றார். மறுத்திருந்தால் பைட் (கேமராவில் பதிவு செய்யும் அவரது பேச்சு) இல்லாமலேயே திரும்பியிருப்போம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. பைட் வரவில்லையே என்று டெஸ்க் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிருபர், துக்கத்தில் இருக்கும் குடும்பம் அல்ல.

கேள்வி: பெண் செய்தியாளருக்கு வயது ஏறினால் திரையில் இடம் இல்லையா? (வாசகி ஒருவர்)

குறைந்துவிடுகிறது, உண்மைதான். அமெரிக்காவில் கிறிஸ்டின் கிராஃப்ட் என்பவரை 1981-ல் செய்தி வாசிப்பிலிருந்து இறக்கினார்கள். தோற்றமும் வயதும் காரணம் என்று அவர் வழக்குப் போட்டார். ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள், மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. 1976-ல் அமெரிக்க நெட்வொர்க் மாலைச் செய்தியின் முதல் பெண் இணைத் தொகுப்பாளரான பார்பரா வால்டர்ஸோ எண்பது வயது தாண்டியும் திரையில் இருந்தார். அவருடைய பேட்டிகளுக்காக மக்கள் காத்திருந்தார்கள். நரைத்த ஆணை ‘அனுபவசாலி’ என்றும் நரைத்த பெண்ணை ‘வயதாகிவிட்டது’ என்றும் சொல்லும் வழக்கத்தை நிர்வாகங்கள்தான் விட வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு நல்ல குரல், உச்சரிப்பும் சுத்தம். செய்தியாளர் ஆக அது போதுமா? (ஒரு தாய்)

வாசிக்கப் போதும். டெலிப்ராம்ப்டர் என்பது கேமரா லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் எழுத்தைப் பிரதிபலிக்கும் கருவி, அவ்வளவுதான். நடுவில் அது நின்றுவிட்டால், செய்தி தெரிந்தவர் பேசிக்கொண்டே போவார். செய்தியாளர் ஆக வேண்டுமென்றால் எழுதத் தெரிய வேண்டும். அதுவும் படத்துக்கு எழுதத் தெரிய வேண்டும். வெள்ளத்தில் வீடு மூழ்கியிருப்பது திரையில் தெரிகிறது. “வீடு மூழ்கியுள்ளது” என்று எழுதுவது வீண். எத்தனை பேர் வெளியேறினார்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள், தண்ணீர் எப்போது வடியும் என்று படம் சொல்லாததை எழுத வேண்டும்.

ஒலியை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு செய்தித் தொகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்குத் தானே எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கட்டும். படத்தின் நேரத்தைத் தாண்டினால் வார்த்தையை வெட்டட்டும். பிறகு ஒலியோடு பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளட்டும். இதைத் தினமும் ஆசையாகச் செய்கிறாள் என்றால், தயங்காமல் இதழியல் படிப்பில் சேர்த்துவிடுங்கள்.