ஜெர்மனியில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கூட வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர், சென்னையில் இருந்த காலத்தில் தம்பி வீட்டுக்கு அடிக்கடி வந்து சாப்பிட்டுப் போவாராம், தெருவில் எல்லோருக்கும் பழக்கமாம். இப்போது அவர் ஊர் திரும்பி, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறார். வருகிற கோடையில் இரண்டு வாரம் வா, ஹோட்டல் எல்லாம் போடாதே, எங்கள் வீட்டிலேயே தங்கு என்று கூப்பிடுகிறார். தம்பியின் சந்தேகங்கள் இவை: "ஹோட்டல் புக்கிங் இல்லாமல் விசாவுக்கு என்ன காட்டுவது? என்ன வாங்கிக்கொண்டு போவது? அம்மா காசிமேட்டுக் கருவாடும் நெய்யும் கட்டித் தருகிறேன் என்கிறார். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கலாமா? அவர்கள் வீட்டில் எப்படி இருப்பது?"

விசாவை முதலில் முடித்துவிடுவோம் தம்பி, ஏனென்றால் நம் ஆட்கள் நண்பரைத் தெரியாமலேயே மாட்டிவிடுவது அங்கேதான். ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) ஹோட்டல் புக்கிங்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எங்கே தங்குவீர்கள் என்பதற்கு ஓர் அத்தாட்சி இருந்தால் சரி. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நண்பர் கையெழுத்துப் போட்ட சாதாரண அழைப்புக் கடிதம்: அவர் யார், வீட்டு விலாசம் என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, உங்களுக்குள் எப்படிப் பழக்கம். அதோடு அவருடைய அடையாள அட்டையின் நகல். செலவுப் பணம் உங்களுடையது என்று காட்ட உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ரசீது, ஆபீஸில் கொடுத்த லீவு கடிதம் எல்லாம் வைக்க வேண்டும். (விண்ணப்பிக்கிற வாரத்தில் மாமாவிடம் கைமாற்று வாங்கி மொத்தமாகக் கணக்கில் போடுகிற வேலை வேண்டாம், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.)

இன்னொரு வழி, வாயில் நுழையாத பெயர் கொண்ட 'ஃபெர்ஃப்லிக்டுங்ஸ்எர்க்லேருங்' என்ற உறுதிமொழிப் பத்திரம். நண்பர் தன் ஊரில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய், வருமானத்தைக் காட்டி, 29 யூரோ கட்டி வாங்க வேண்டியது இது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் உங்கள் சாப்பாடு, தங்குமிடம், ஆஸ்பத்திரி, நீங்கள் ஊர் திரும்பாவிட்டால் திருப்பி அனுப்புகிற செலவு என்று அரசாங்கம் எதற்குப் பணம் போட்டாலும் அதை அவரிடம் கேட்டு வாங்கலாம், அந்தப் பொறுப்பும் 5 வருஷம் அவர் தலையில் இருக்கும். "சும்மா ஒரு ஸ்பான்சர் லெட்டர் அனுப்பு மச்சி" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிற விஷயமா இது? உங்கள் கணக்கில் பணம் இருந்தால் முதல் வழியிலேயே போங்கள். முடியாது என்றால் இன்னது என்று விளக்கிச் சொல்லி, யோசிக்க அவருக்கு நேரம் கொடுத்துக் கேளுங்கள்.

மற்றதெல்லாம் வழக்கமானதுதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது, கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் சீக்கிரம் போடுங்கள். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். நண்பரின் விலாசத்தையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருங்கள், ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கியதும் குடியேற்றக் கவுன்ட்டரில் யார் வீட்டுக்கு என்று கேட்பார்கள், அங்கே நின்றுகொண்டு போனில் சிக்னல் தேட முடியாது. 2025 அக்டோபரிலிருந்து வந்திருக்கிற புதிய முறையில் போட்டோ எடுத்து, விசாவுக்குக் கொடுத்த கைரேகையையும் சரிபார்க்கிறார்கள், அதனால் வரிசை நீளமாக இருக்கலாம். ஸ்டுட்கார்ட் ரயிலை விமானம் இறங்கிய அரை மணியில் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.

சரி, அம்மா கட்டுகிற மூட்டைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது, ஆகவே நெய் போகாது, பால்கோவா போகாது, பன்னீரும் போகாது. கறிவேப்பிலை, மாங்காய் பக்கமே போகாதீர்கள். பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும்தான் தாவரச் சான்றிதழ் (பூச்சி, நோய் இல்லை என்ற அரசு அத்தாட்சி) கேட்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடை இல்லை, சொந்த உபயோகத்துக்கு மீன் 20 கிலோ வரைக்கும் கொண்டுபோகலாம் என்கிறது சட்டம். சட்டம் விட்டாலும் நான் விட மாட்டேன். சூட்கேஸில் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடந்த வஞ்சிரம் கருவாட்டை, அடுக்களையும் ஹாலும் ஒன்றாக இருக்கிற, ஜன்னலை இறுக்கிச் சாத்தினால் காற்று புகாத ஒரு வீட்டில் பிரித்தால் நண்பரின் அம்மா முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார், ஆனால் நீங்கள் கிளம்பிய பிறகும் அந்த வாசனை கிளம்பாது.

முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய் தாராளமாகப் போகும். வீட்டில் யாருக்காவது கடலை, எள் ஒவ்வாமை உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். முறுக்கை எண்ணெயில் பொரிக்கச் சொல்லுங்கள், வெண்ணெய் போட வேண்டாம். எம்.சி. ரோட்டில் நல்ல கைத்தறித் துண்டோ மேசை விரிப்போ ஒன்று எடுங்கள், நண்பரின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து அது போதும். பை நிறையக் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம். நீங்கள் கொடுத்ததை அங்கேயே, உங்கள் எதிரிலேயே பிரிப்பார்கள். அதனால் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். நீங்கள் சொல்கிற பதிலை அப்படியே நம்புவார்கள். உங்கள் நண்பர் உங்கள் வீட்டில் போதும் என்று கையை மேலே வைத்து மறைத்தபோது, அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியிருப்பார். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கிக் கொடுத்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்றவர் கையில் பேஜோ கிண்ணத்தையும் நீங்களே திணித்திருப்பீர்கள். நமக்கு முதல் வேண்டாம் கணக்கிலேயே வராது. அங்கே நண்பரின் அம்மா "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டு, நீங்கள் மரியாதைக்கு வேண்டாம் என்றால் பாத்திரம் அடுப்புக்குத் திரும்பிப் போய்விடும், நீங்கள் பசியோடு மாடியேறிப் படுக்க வேண்டியதுதான். அவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை, உங்கள் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தார்கள். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். பன்றி, மாடு சாப்பிட மாட்டீர்கள் என்றால் டிக்கெட் போட்டவுடனே எழுதிவிடுங்கள், தட்டு முன்னால் வந்த பிறகு நெளிய வேண்டாம். ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பலகாரமான மௌல்டாஷனில் உள்ளே பெரும்பாலும் பன்றிக்கறிதான் இருக்கும். ஆனால் பருப்பும் ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸும் சேர்ந்த சாப்பாடு ஒன்று அந்த ஊரில் பிரபலம், பருப்பில் பன்றிக்கறித் துண்டு போடாமல், மேலே வைக்கிற சாஸேஜையும் தவிர்த்துவிட்டால் நம் நாக்குக்கு ஓரளவு ஒத்துவரும்.

இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ஆறரை, ஏழு மணிக்கே முடிந்துவிடும். அதுவும் சூடாக இருக்காது. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி, மெலிதாகச் சீவிய கறி, தக்காளி என்று மேசை மேல் வைத்து அவரவர் எடுத்துக்கொள்வார்கள். விருந்தாளி வந்திருக்கிறான், அடுப்பே பற்றவைக்கவில்லையே என்று மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள், மதியம் சூடாகச் சாப்பிடுவதும் இரவில் ரொட்டி சாப்பிடுவதும் அங்கே தலைமுறைப் பழக்கம். ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் ஏழு மணிதான்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உள்ளே போட வீட்டுச் செருப்பு கொடுப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். குளியலறையில்தான் கவனம் வேண்டும். ஷவர் தடுப்புக்கு வெளியே பெரும்பாலும் தண்ணீர் வடிய வழி இருக்காது, தரை காய்ந்தே இருக்க வேண்டும், நம்மூர் மாதிரி வாளியில் மொண்டு ஊற்றினால் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். கழிவறையில் காகிதம்தான், தண்ணீர் வேண்டும் என்றால் ஒரு காலி பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பிளைகளும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம், சில வீடுகளில் எழுதியே ஒட்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமையே வாங்கிவைத்துவிடுவார்கள், நீங்களும் சோப்பு, பேஸ்ட் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற சத்தமும் கூடாது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கேர்வோகே என்று ஒன்று உண்டு, அடுக்குமாடியில் வாரம் ஒரு குடித்தனம் என்று முறைவைத்து மாடிப்படியையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும், யார் முறை என்று கதவில் அட்டை தொங்கும். நீங்கள் இருக்கிற வாரத்தில் அந்த அட்டை அவர்கள் கதவில் தொங்கினால் துடைப்பத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நீங்கள் வாங்கிப் போகிற எந்தப் பரிசையும்விட அந்த அரைமணி நேரம் பெரிது.

காசு விஷயம். சாப்பாட்டுக்கு என்று யூரோவை நீட்டாதீர்கள், அது வீட்டை லாட்ஜ் ஆக்கிவிடும். காலையில் நீங்களே பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வாருங்கள், சூப்பர் மார்க்கெட்டில் ஒருநாள் பில்லை நீங்கள் கட்டுங்கள், ஒரு இரவு எல்லோரையும் வெளியே சாப்பிடக் கூட்டிப்போங்கள், கூப்பிடும்போதே "இன்றைக்கு என் செலவு" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பில்லைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுவார்கள். ஒருநாள் சமைப்பதும் நல்லது. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தால் பயமில்லை. காய்ந்த மிளகாயைத் தாளிப்பில் கருகவிட்டால் வீடே இருமும், படுக்கையறையிலும் நடையிலும் புகை அலாரம் வைப்பது அங்கே சட்டப்படி கட்டாயம், அதுவும் சேர்ந்து கத்தும். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத் தாளியுங்கள், காரம் பாதி போடுங்கள்.

இரண்டு வாரமும் ஒரே வீட்டில் என்பது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. நண்பருக்கு ஆபீஸ் இருக்கும், பகல் முழுக்க நீங்களும் வயதானவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முதல் ஐந்தாறு நாள் அங்கே, நடுவில் நாலு நாள் மியூனிக், பெர்லின் எங்கேயாவது நீங்கள் தனியாக, கடைசியில் திரும்ப அவர்கள் வீடு என்று வைத்தால் அவர்களும் மூச்சு விடுவார்கள், நீங்களும் ஊர் பார்ப்பீர்கள். இதை நண்பரிடம் இப்போதே பேசிவிடுங்கள், ஏனென்றால் அந்த நாலு நாளுக்கு ஹோட்டல் புக்கிங் விசா காகிதத்தோடு போக வேண்டும், அழைப்புக் கடிதத்தில் உள்ள தேதியும் அதற்குப் பொருந்த வேண்டும். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் முந்தின நாளே வாழ்த்திவிடாதீர்கள், முன்கூட்டி வாழ்த்துவது ஆகாது என்று நினைப்பவர்கள் அங்கே நிறைய.

அப்புறம், உங்கள் அம்மா நன்றி சொல்லி வீடியோவில் பேச வேண்டும் என்று கண்டிப்பாக ஆசைப்படுவார். கோடையில் அவர்கள் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே காபியும் கேக்கும் வைத்துக் குடும்பமே உட்கார்ந்திருக்கும், அது தண்டையார்பேட்டையில் ராத்திரி ஏழரை. அந்த நேரத்துக்குப் பேசச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசட்டும், மொழிபெயர்க்கத்தான் நீங்கள் இருக்கிறீர்களே.