பிளாக் சபாத் மறுபடி சேர்ந்தது நான்கே பாட்டுக்கு, அதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

நீங்கள் கேட்ட கணக்கு சரிதான். 2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில், ஹெவி மெட்டல் இசையின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் அசல் நால்வரும் (பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், கிட்டார் டோனி அயோமி, பாஸ் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட்) சேர்ந்து வாசித்தது நான்கே பாட்டுகள்: வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மேன், பாரனாய்ட். மெட்டாலிகா, ஸ்லேயர், டூல், கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று பல குழுக்கள் நாள் முழுக்க வரிசையாக மேடையேறி, கடைசியில் கிடைத்தது ஏறக்குறைய அரை மணி நேரம். ஆனால் எனக்கு அது போதும். டிரம்ஸில் பில் வார்ட் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் குழுவை நான் முதலில் கேட்டதே ஒரு மறுசேர்க்கையில்தான். கல்லூரி விடுதியில் சீனியர் அண்ணன் ஒருவர் ஒரு கேசட் பதிந்து கொடுத்தார். 1997 டிசம்பரில் பர்மிங்ஹாமில் நால்வரும் சேர்ந்து வாசித்ததைப் பதிவு செய்து அடுத்த வருடம் 'ரீயூனியன்' என்ற பெயரில் வெளியிட்ட ஆல்பம் அது. முதல் பாட்டு வார் பிக்ஸ். இவர்கள் 1979-ல் பிரிந்தவர்கள், ஆஸியை வெளியே அனுப்பினார்கள், அவர் இடத்தில் ரானி ஜேம்ஸ் டியோ வந்தார் என்ற கதையெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். நால்வரும் சேர்ந்தால் வருகிற அந்தச் சத்தம் மட்டும் முதல் நாளே காதில் ஏறிவிட்டது.

அதனால்தான் 2011 நவம்பர் 11 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் நால்வரும் ஒரே மேடையில் நின்று மறுபடி சேர்கிறோம் என்று அறிவித்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். மூன்று மாதத்தில் அது உடைந்தது. கையெழுத்துப் போடக்கூடிய ஒப்பந்தம் தனக்குத் தரப்படவில்லை என்று சொல்லி பில் வார்ட் விலகினார். அதற்குச் சற்று முன்புதான் டோனி அயோமிக்கு லிம்ஃபோமா புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. மற்ற மூவரும் தொடர்ந்தார்கள். 2013-ல் '13' என்ற ஆல்பம் வந்தது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் பிராட் வில்க். 2017 பிப்ரவரி 4 அன்று இதே பர்மிங்ஹாமில் கடைசி நிகழ்ச்சி என்று முடித்தபோது டிரம்ஸில் டாமி க்ளுஃபெடோஸ். இருவரும் தேர்ந்த கலைஞர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது மறுசேர்க்கை இல்லை. நாலு அண்ணன் தம்பிகளில் ஒருவரை வெளியே நிற்க வைத்துவிட்டு எடுத்த குடும்பப் படம் அது.

பில் வார்ட் மாதிரி இன்னொருவர் வாசிக்க முடியாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். அடிகளை வாசித்துவிடலாம். இடைவெளிகளை வாசிப்பதுதான் கஷ்டம். வார் பிக்ஸ் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சைரன் ஒலிக்கும் மெதுவான தொடக்கம் முடிந்ததும் கிட்டாரும் பாஸும் சேர்ந்து இரண்டு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். மிச்சமிருப்பது ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளத்தட்டு) மட்டும், ச்சிக் ச்சிக் என்று. அந்த வெற்றிடத்தில்தான் ஆஸி பாடுகிறார். 1970 பதிவில் அந்த ஹை-ஹாட்டைக் கவனித்துக் கேட்டால், ஒவ்வொரு தட்டும் ஒரே கனத்தில் இருக்காது. ஒன்று கொஞ்சம் திறந்திருக்கும், ஒன்று இறுகியிருக்கும். பில் வார்ட் சின்ன வயதில் ஜீன் க்ரூபா போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவர் தாளத்தில் ஒரு ஆட்டம் உண்டு. மற்ற ஹெவி மெட்டல் டிரம்மர்கள் நேராக அறைகிற இடத்தில் இவர் சற்றே இழுத்து, அயோமியின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) எங்கே வளைகிறதோ அங்கே கூடவே வளைவார். நாகஸ்வரத்துக்குத் தவில் கூடவே போவது மாதிரி. முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்து முடிக்க முடிந்தது என்றால், இவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசித்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அயோமியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 17 வயதில் ஷீட் மெட்டல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போக இருந்தவர். கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை, அம்மாதான் போகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு ஆள் வராத பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. இடது கைப் பழக்கம் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். நான் பிரஸ் ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த மெஷின் இறங்குகிற சத்தம் தெரியும், கையை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கும் என்பதும் தெரியும். அதனால் இந்தக் கதையை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடிவதில்லை. பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, சால்டரிங் அயர்னால் துளை போட்டு, விரலுக்குப் பொருந்தும்வரை தேய்த்து, மேலே தோல் துண்டு ஒட்டி, தானே விரல் நுனி செய்துகொண்டார். அதற்குத் தோதாக மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையும் இறக்கினார். தந்தி தளர்ந்தது, சத்தம் கனத்தது. ஹெவி மெட்டலின் அந்தக் கனத்துக்குள் ஒரு பையனின் வெட்டுப்பட்ட விரல்கள் இருக்கின்றன.

சரி, வில்லா பார்க்குக்கு வருகிறேன். அந்த மைதானம் இருக்கும் ஆஸ்டன் பகுதிதான் இவர்களின் ஊர். ஆஸி வளர்ந்த லாட்ஜ் ரோடு வீடு நடந்து போகும் தூரம். இணையத்தில் நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது, அதனால் சபாத் மேடையேறியபோது இங்கே விடியப்போகும் நேரம். வீட்டில் எல்லோரும் தூங்க, நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஆஸி தன் தனிக் குழுவோடு வந்தார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத நிலை. வௌவால் சிறகு வைத்த கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி மேடைக்குக் கீழிருந்து மேலே வந்தார். ஆறு வருடமாகப் படுத்துக் கிடந்ததாகக் கூட்டத்திடம் அவரே சொன்னார். 'மாமா, ஐம் கமிங் ஹோம்' பாடும்போது குரல் உடைந்தது. எழுந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் தோளில் தெரிந்தது. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அதே டாமி க்ளுஃபெடோஸ். அவர் வாசித்து முடித்துப் போனபின் சபாத்துக்காக பில் வார்ட் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு பழைய பாரம் இறங்கியது.

நால்வரும் ஒன்றாக வாசித்து 20 வருடம் ஆகியிருந்தது. சைரன் ஒலித்தது. வார் பிக்ஸ். நான் கேசட்டில் கேட்ட அதே முதல் பாட்டு, அதே ஊர். அந்த ஹை-ஹாட் வந்த இடத்தில் 40,000 பேருக்கு மேல் இருந்த மைதானம் முழுவதும் பாடியது. பில் வார்டுக்கு அப்போது 77 வயது, 1998-ல் மாரடைப்பு வந்தவர். இளமை வேகம் இல்லை, சில இடங்களில் தாளம் தளர்ந்தது, உருட்டல்கள் சுருங்கியிருந்தன. ஆனால் அந்த ஆட்டம் அப்படியே இருந்தது. அயோமி திரும்பித் திரும்பி டிரம்ஸ் பக்கம் பார்த்து வாசித்தார். என்.ஐ.பி.க்கு முன் கீஸர் பட்லர் பாஸை மட்டும் தனியாக வாசித்து உள்ளே நுழைந்தார். ஒரு கட்டத்தில் பில் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடு வாசித்தார், பழைய படங்களில் பார்ப்பது போலவே.

முடிவு கொஞ்சம் விசித்திரமாக இருந்ததாக கீஸர் பிறகு எழுதினார். வழக்கமாக நால்வரும் கட்டிப்பிடித்து, சேர்ந்து குனிந்து வணக்கம் சொல்வார்கள். ஆஸி சிம்மாசனத்தில் இருந்ததால் என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லையாம். டோனி கை குலுக்கினார், கீஸர் ஒரு கேக் கொடுத்தார். வாண வேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஆஸி காலமானார்.

நான்கு பாட்டுக்காகவா என்று கேட்டீர்கள். முதலில் 1970 வார் பிக்ஸை ஹெட்போனில் போட்டு, கிட்டார் நின்றதும் அந்த ஹை-ஹாட்டை மட்டும் கேளுங்கள். அப்புறம் வில்லா பார்க்கில் அதே இடத்தைக் கேளுங்கள்.