இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழலையா?

ப்ரோ, எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே கன்டெய்னர் லாரி கியூவுல ஊர்ந்தா ஃபர்ஸ்ட் கியர் விழலை, ரிவர்ஸ் கறகறங்குது, இன்ஜினை ஆஃப் பண்ணா மட்டும் வழுக்கிட்டுப் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ கிளட்ச் முழுசா ரிலீஸ் ஆகலை, அதாவது பெடலை மிதிச்சாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் முழுசா பிரியலை. கியர்பாக்ஸ் மேல பழி போட்டு அதை இறக்க விடாதீங்க.

கிளட்ச் பெடலை மூணு தடவை சடசடன்னு மிதிச்சுட்டு உடனே கியர் போட்டுப் பாருங்க. விழுந்துச்சுன்னா பெரும்பாலும் கிளட்ச் ஆயில் போற ஹைட்ராலிக் லைன்ல காத்து, இல்லேன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்றது), ஸ்லேவ் சிலிண்டர் (அந்த அழுத்தத்துல கிளட்சைப் பிரிக்கிறது), ரெண்டுல ஒண்ணு போயிருக்கு. ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியிற வண்டின்னா அதோட ரப்பர் பூட்டை லேசா விலக்குங்க. உள்ளே ஈரமா, ஆயில் கசிஞ்சிருந்தா ஆள் மாட்டிக்கிட்டான். என் பழைய ரோட்ஸ்டர் கார்ல அப்படித்தான். ராயபுரத்துல ஒரு மெக்கானிக் கிளட்ச் செட்டையே மாத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

ஆர்பிஎம் எகிறி ஸ்பீடு ஏறலைன்னாதான் கிளட்ச் பிளேட் தேய்ஞ்சு வழுக்குதான்னு சந்தேகப்படுங்க. செகண்ட் கியர் மட்டும் கறகறத்தா சின்க்ரோ (கியர் மாத்தும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கிற, கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற வளையம்), அது வேற செலவு.