மீட்பு, முக்தி என்ற கருத்தே இல்லாத மதம் உண்டா?

உண்டு. ஜப்பானின் ஷிண்டோவைச் சொல்லலாம். பாவத்திலிருந்தோ பிறவித் தொடரிலிருந்தோ நிரந்தரமாக விடுபடுவதையே மீட்பு, முக்தி என்கிறோம். ஷிண்டோவில் மனிதர் பிறவிப் பாவி அல்லர். இந்த உலகமும் தப்பித்துப் போகவேண்டிய இடமல்ல. எனவே மீட்புக்குத் தேவையே எழுவதில்லை.

அங்கே கவலை 'கெகரே' என்னும் தீட்டைப் பற்றித்தான். சாவு, இரத்தம், நோய் ஆகியவற்றால் ஒட்டுவது. தப்பே செய்யாதவருக்கும் வரும். வாசலில் தினமும் தூசு விழுகிறது, பெருக்குகிறோம். அதற்காக வாசலே கெட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கோயில் நுழைவில் இந்தத் தீட்டைக் கழுவவென்றே தண்ணீர்த் தொட்டி இருக்கும். அகப்பையை வலக்கையில் பிடித்து இடக்கையைக் கழுவவேண்டும். பிறகு கைமாற்றி வலக்கை. அடுத்து இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளிக்கவேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது, அடுத்தவரும் அதைத்தான் எடுப்பார். மறுபடி இடக்கை. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து பிடியைக் கழுவிவிடும். எல்லாம் ஒரே அகப்பை நீரில் முடியவேண்டும். புதியவர்கள் முதல் கைக்கே பாதியை ஊற்றிவிட்டு, பிடிக்கு நீரில்லாமல் நிற்பார்கள்.

ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய நாட்களில் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பெரிய சுத்திகரிப்பு நடக்கும். ஆறு மாதத்தில் தீட்டு மீண்டும் சேரும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள்.

முக்தி இல்லையென்றால் மறுமையும் இருக்காது என்று பலர் நினைப்பது தவறு: 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான கொஜிகியிலேயே இறந்தோர் உலகமான யோமி வருகிறது, நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கும் தீர்ப்புதான் அங்கே இல்லை.