உரிமக் கட்டணம் மாறுமானால் நம் கருத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: மீன்பிடி உரிமக் கட்டணத்தை மாற்றும் வரைவு விதிகளை அரசு வெளியிட்டுக் கருத்துக் கேட்டால், வள்ளம் வைத்திருக்கும் எங்களைப் போன்றோரின் கடிதத்துக்கு மதிப்பு இருக்குமா, ஐயா?
- வாசகர், உவரி

பதில்: நிச்சயம் இருக்கும். கடலில் மீன்பிடிக்கும் படகுகளுக்கான உரிமம், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் வருவது. வரைவை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்ட அரசு, குறித்த நாளுக்குள் வந்து சேரும் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பின்னரே விதியை இறுதி செய்ய வேண்டும். ஆகையால், எந்த விதியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை எண்ணுடன் குறிப்பிட்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

‘கட்டணம் அதிகம்’ என்று மட்டும் எழுதுவது போதாது. கட்டணம் வேறு, வரி வேறு, கட்டணம் என்பது அரசு செய்யும் சேவைக்கு ஈடாக வாங்குவது என்பதை உச்ச நீதிமன்றம் 1954-இல் சிரூர் மடம் வழக்கில் விளக்கியது. உரிமக் கட்டணத்துக்கு ஈடான சேவையைத் துல்லியமாகக் காட்டத் தேவையில்லை என்று பிந்தைய தீர்ப்புகள் கூறினாலும், அது அளவு மீறக் கூடாது என்பதையும் அவை வலியுறுத்துகின்றன. எனவே எரிபொருள், வலை, பழுதுபார்ப்புச் செலவுகளையும், ஆனி ஆடிக் காற்றில் கடலுக்குப் போகாத நாள்களையும் உங்கள் கணக்கிலிருந்தே எழுதுங்கள். விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் ஒரே விகிதத்தில் உயர்த்துவது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து.

கூடுதாழை முதல் இடிந்தகரை வரை ஊர்கள் சேர்ந்து கையொப்பமிட்ட மனுவைத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுக்கலாம். குளங்களிலும் அணைகளிலும் மீன்பிடிப்போருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுடைய குத்தகை முறை வேறு.