"சேச்சே, இங்கே எல்லோரும் ஒன்றுதான்!"

கேள்வி: நான் செவிலியர். எங்கள் வார்டில் இருக்கும் கறுப்பினப் பெண் ஒருவர், "வலிக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். என் நிறத்தைப் பார்த்துத்தான் யாரும் காதில் வாங்கவில்லை" என்றார். "சேச்சே, இங்கே எல்லோரும் ஒன்றுதான்" என்றேன். இரண்டு நாளாக என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

பதில்: சமாதானப்படுத்தத்தான் சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் வலியைச் சொன்னார், யாரும் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைச் சொன்னார், அதை நீங்களும் நம்பவில்லை. அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கும்.

அவர் சொன்னதை மனப்பிரமை என்று தள்ளவும் முடியாது. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 'கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன்' என்பது போன்ற கட்டுக்கதைகளில் ஒன்றையாவது நம்பினார்கள். நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரே கருந்தோலில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டுவதுண்டு. கருவிக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்!

சரி, திரும்பப் போங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டே பேசுகிற பேச்சில்லை இது. "அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல விருப்பமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். 'அந்த டாக்டர் எல்லோரிடமும் அப்படித்தான்' என்று நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். அந்த டாக்டர் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகக் கண்கலங்கி, மன்னிப்பு மேல் மன்னிப்பும் கேட்காதீர்கள். அப்புறம் நோயாளி உங்களைத் தேற்ற வேண்டிவரும்.

பிறகு, இப்போது வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பத்துக்கு எட்டு என்றால் எட்டு என்றே எழுதி, மருத்துவரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் கேஸ் ஷீட்டில் பதியுங்கள். முந்தைய ஷிப்டில் யாராவது 'அடம்பிடிக்கும் நோயாளி' என்று சொல்லியிருந்தால் அதை அடுத்தவருக்குக் கடத்தாதீர்கள். புகார் கொடுக்க விரும்பினால் வழியைச் சொல்லுங்கள். புகார் கொடுத்ததால் சிகிச்சை குறையாது என்பதையும் வாய்விட்டே சொல்லுங்கள். பலர் வாயை மூடிக்கொள்வதே அந்தப் பயத்தில்தான்.

மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? திருப்பிக்கொள்ளட்டும். அரை மணி கழித்து, வலி குறைந்ததா என்று போய்க் கேளுங்கள்.