குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

குடியாத்தம் அம்மா ஒருவர்: ஆறு வயசுப் பையனுக்கு மூளைக்கட்டி ஆபரேஷன் ஆனது. மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்.

இல்லம்மா, கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதுவரை உறுதியாகத் தெரிந்த வெளிக்காரணம் தலையில் படும் கதிர்வீச்சுதான். பிள்ளைக்கு நோய் என்றதும் பெற்றவள் பத்து மாதத்தையும் நாள் நாளாகத் துருவிப் பார்ப்பாள். பிள்ளை நன்றாக இருந்தால் பாதி மறந்திருப்பாள். ஞாபகத்தை நம்பிச் செய்யும் ஆய்வுகள் சறுக்குவது இதில்தான். அதனால்தான் டென்மார்க்கில் பிறந்த சில நாளில் குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் காயவைத்துப் பத்திரப்படுத்திய ரத்தப் பொட்டுகளையே ஆய்வுக்கு எடுக்கிறார்கள்.

காட்பாடியிலிருந்து: தாய்மாமனைத்தான் கட்டினேன். மகளுக்கு உடம்பில் பால்காபி நிறத்தில் திட்டுகள். பயப்படவேண்டுமா?

முதலில் ஸ்கேலை வைத்து அளந்து எண்ணுங்கள். வயசுக்கு வராத பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் மரபணு மருத்துவரிடம் காட்டவேண்டும். பெரும்பாலும் என்எஃப்1 என்ற மரபணுக் கோளாறாக இருக்கும். அதில் பார்வை நரம்பில் கட்டி வரலாம் என்பதால் கண் பரிசோதனையை விடக்கூடாது.

இதே திட்டுகளோடு வரும் இன்னொன்றும் உண்டு. செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப்பிழையைத் திருத்தும் மரபணு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்வது. இதிலும் மூளைக்கட்டி வரலாம். அபூர்வம்தான். ஆனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் பக்கத்தில் இதை மறக்கக்கூடாது. வம்சாவளி வரையும்போது சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு போடுவோம். அந்தக் கோட்டுக்கு மேலே தாத்தாவுக்குக் குடல் புற்றுநோய், பாட்டிக்குக் கர்ப்பப்பை புற்றுநோய் என்று இருந்தால் உடனே உஷாராகிவிடுவோம். கட்டி வந்த பிள்ளைக்கு இந்தப் பழுது இருந்தால் மருந்துத் தேர்வே மாறும். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே பழுது இருக்க 25 சதவீத வாய்ப்பு. கல்யாணத்தைக் குறை சொல்லவில்லை அம்மா, டாக்டரிடம் உறவுமுறையை மறைக்காதீர்கள் என்கிறேன்.

ஆற்காடு தம்பி: செல்போனால் வருமா?

இந்தியா உட்பட 14 நாடுகளில் இளம் வயதினரிடம் நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வில் அப்படித் தெரியவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து: கதிர்வீச்சு காரணம் என்றீர்களே, அப்படியானால் சிடி ஸ்கேனும் ஆபத்தா?

ஆபத்து மிகச் சிறிது. தலையில் அடிபட்டு டாக்டர் கேட்டால் தயங்காமல் எடுங்கள். சாதாரணத் தலைவலிக்கு நீங்களாகக் கேட்டு எடுக்காதீர்கள்.

ஆம்பூர் அப்பா ஒருவர்: எப்போது சந்தேகப்படவேண்டும்?

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்ததும் பிள்ளை தெளிவாகிவிடும், பித்தம் என்று விட்டுவிடுவோம். இது நாள்கணக்கில் தொடர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருந்தாலோ, அந்த வாரமே காட்டிவிடுங்கள்.